அகராதியில் இல்லாத ஏழு எழுத்து

வெர்ன் டைக்ஸ்ட்ராவுக்கு லட்சம் சொற்கள் தெரியும். அவற்றில் பாதிக்கு மேல் என்ன அர்த்தம் என்று கேட்டால் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் ஆசைப்பட்டதும் இல்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அதற்குள் இருக்கும் சொல்லை உருவி எடுத்துக் கொடுப்பான், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் போட்டிகளுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அர்த்தம் தெரிந்து வைத்திருப்பது மூளையில் இடத்தை அடைக்கும் என்பது அவர்கள் கட்சி.

நான் அந்தப் போட்டிகளை நடத்துகிறவள். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இதைத் தலையில் போட்டுக்கொண்டேன். மிச்சிகனிலும் இந்தியானாவிலும் நெடுஞ்சாலையோர விடுதிகளில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, மேசை போட்டு, யார் யாரோடு ஆடுவது என்று அட்டவணை ஒட்டுவேன். வெர்னும் அவன் மனைவி நடீனும் மிச்சிகனின் மஸ்கீகனிலிருந்து வருவார்கள். வெர்ன் அலுவலக நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவன். நடீனுக்கு ஓய்வு இல்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. விடிவதற்கு முன் எழுந்து போய்ப் பெரிய அண்டாவில் ஓட்ஸ் கஞ்சி கிண்டுவதில் அவள் நாள் தொடங்கும்.

வண்டி ஓட்டுவது எப்போதும் அவள்தான். வெர்னுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓட்டினால் படிக்க முடியாது. அவன் மடியில் ஒரு ஷூ டப்பா நிறைய அட்டைகள் இருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் முன்பக்கம் கலைந்த எழுத்துகள், பின்பக்கம் சொல். வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த அட்டைகளை நடீன் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் எழுத்துகளைச் சொல்வாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லைச் சொல்வான். ஆரம்ப நாட்களில் அவள் ஒவ்வொன்றுக்கும், "அப்படின்னா என்ன?" என்று கேட்பாளாம். "எனக்கென்ன தெரியும், அடுத்தது" என்பானாம் அவன். சில சொற்களை அவளே அகராதியில் தேடிப் பார்த்து, அர்த்தத்தை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். கண்ணை உறுத்துகிறது என்று அவன் அழித்துவிட்டான். அதன் பிறகு அவள் எழுதவில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கேட்டால் அது எதைச் சொல்கிறது என்று தனக்குள் யோசித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அந்தப் பிப்ரவரியில் போட்டி இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னில் நடந்தது. வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒதுக்கித் தள்ளிய பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடந்தது. சனிக்கிழமை காலை டொலிடோவிலிருந்து ஓர் ஆட்டக்காரர் போன் செய்து, வண்டி சாலையிலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, அடிபடவில்லை, ஆனால் வர முடியாது என்றார். வெர்ன் ஆடும் பிரிவில் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்தால் நாள் முழுக்க என்னிடம் முனகிக்கொண்டே இருப்பார்கள்.

நடீன் காலை உணவுக் கூடத்துப் பக்கம் ஒரு சோபாவில் காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண் மூடியிருந்தாள். இல்லத்து ஊழியர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், அந்த வாரம் முழுக்க இரட்டை ஷிப்ட் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, நேராக வண்டியில் ஏறி இவ்வளவு தூரம் ஓட்டி வந்தவள். எழுப்பவே மனசு வரவில்லை. எழுப்பினேன்.

"ஒரு ஆள் கொறையுது நடீன். சும்மா வந்து ஒக்காந்தாப் போதும். நீ ஜெயிக்கணும்னு யாரும் எதிர்பார்க்கல."

"தூங்கிட்டிருக்கேன் லோயிஸ்."

"ஒக்காந்துகிட்டே தூங்கு. யாரு பார்க்கப் போறா."

அவள் சிரித்து, காலால் துழாவிக் காலணிகளைத் தேடினாள்.

முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன் முன்னால் இருந்த ஏழு எழுத்துக் கட்டைகளை, தட்டுகளை அடுக்குகிற மாதிரி நிதானமாக இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். ஏதாவது ஒரு சின்னச் சொல் அகப்பட்டால் வைத்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். நாலாவது சுற்றில் அவளுக்கு எதிரே வெர்ன் வந்து உட்கார்ந்தான். அட்டவணை அப்படி விழுந்தது. எல்லாரும் எல்லாரோடும் ஆடியாக வேண்டும்.

அந்தச் சுற்றில் அவளுக்குக் கட்டைகள் நன்றாக விழுந்தன. ஆட்டத்தின் நடுவில் அவள் கையில் இருந்த ஏழு எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்து 'பிளாங்கெட்' என்று வந்தது. காலையிலிருந்தே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்க மாட்டோமா என்று நினைத்துக்கொண்டிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் ஐம்பது புள்ளி கூடுதல். வெர்ன் முகம் சுருங்கிப்போனது. அவன் முதலிடத்துக்கு மோதிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்தில் தோற்றால் கீழே இறங்கிவிடுவான். அதுவும் யாரிடம்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்திலும் அவள்தான் முன்னால் இருந்தாள். அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு ஏழு கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து, புள்ளியைச் சொல்லி, தன் முறை முடிந்ததற்கு ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினான். வைத்த சொல் 'டெனரல்'.

எங்கள் விதி இதுதான்: எதிராளி வைத்தது உண்மையான சொல்தானா என்று சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்கலாம். கணினியில் தட்டிப் பார்ப்போம். சொல் பொய் என்றால் வைத்தவன் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், அவன் முறையும் போச்சு. சொல் மெய் என்றால் ஆட்சேபித்தவளின் முறை போச்சு.

நடீன் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்றாள். இந்தச் சொல்லை இதுவரை வாசித்த நினைவில்லை. ஆனால் நினைவில்லாதவைதான் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே. சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மஸ்கீகனில் ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாடுகிறவள். அங்கே ஆண்களில் மேல் சுருதியில் பாடுகிறவர்களை டெனர் என்பார்கள். இரண்டே பேர்தான், அதில் ஒருவர் வெர்னின் சித்தப்பா பையன், அடிக்கடி சுருதி இறங்குகிறவர். டெனர் மாதிரியான குரல் என்றால் டெனரல். சரிதான் என்று தோன்றியது. வெர்ன் முகத்தைப் பார்த்தாள். இரவில் அட்டைக்குப் பதில் சொல்லும்போது இருக்குமே, அதே முகம். கையை இறக்கிவிட்டாள்.

அவன் சில புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தான். அவள் கைகுலுக்கி, "நல்லா ஆடினே" என்றாள்.

அன்று சாயங்காலம் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த உணவகத்துக்கு ஐந்தாறு பேர் போனோம். நடீன் உருளைக்கிழங்கு சூப் மட்டும் வாங்கிக்கொண்டாள். எதிரே டுவேன் உட்கார்ந்திருந்தான். கிராண்ட் ராபிட்ஸில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன், வெர்னின் பழைய போட்டியாளன். சாப்பாடு வருவதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டத் தொடங்கினார்கள். எனக்கு அந்தக் கதைகள் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவை.

டுவேன் வெர்னைச் சீண்டினான். "நாலாவது ஆட்டத்துல எப்படிப்பா தப்பிச்சே? உம் பொண்டாட்டி உன்னப் புரட்டி எடுத்துட்டிருந்தா. நான் பக்கத்து மேசையிலேருந்து பார்த்தேன்."

வெர்ன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "டெனரல்" என்றான்.

டுவேன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தான். "அப்படி ஒண்ணு இல்லவே இல்லையேடா."

"இல்லதான்."

நடீனின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது. "அது சொல்லு இல்லையா?"

"இல்ல நடீன்."

"நீ வெச்சியே."

"வெச்சேன். நீ விட்டுட்டே. ஆட்சேபம்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். ஆட்டம்னா அப்படித்தான்."

அவன் சொன்னதில் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. பொய்ச் சொல்லைத் துணிந்து வைத்து எதிராளியை ஏமாற்றுவதைத் திறமை என்றுதான் நாங்கள் எல்லாரும் பேசுவோம். மேசையில் இருந்த எல்லாரும் ஏதாவது ஒரு தடவை அதைச் செய்தவர்கள்தான்.

"எனக்கு அதுக்கு அர்த்தம்கூடத் தெரிஞ்சுதே" என்றாள் நடீன்.

டுவேன் ஆவலாக முன்னால் குனிந்தான். "என்ன அர்த்தம்?"

"சர்ச்சுல டெனர் பாடுறாங்கல்ல. அந்த மாதிரிக் குரலுன்னு நெனச்சேன்."

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்தவர் யாரும் இல்லை. நானும் சிரிக்கத் தொடங்கினேன், அப்போதுதான் வெர்ன் சொன்னான்: "அதான் விஷயமே. நீ அப்படித்தான் நெனப்பேன்னு எனக்குத் தெரியும். டுவேன்கிட்ட அத வெச்சிருக்கவே மாட்டேன். அவன் சர்ச்சுப் பக்கம் தலவெச்சுப் படுத்தவனில்ல."

இன்னும் பெரிய சிரிப்பு. வெர்னுக்கு முகமெல்லாம் பெருமை. தான் எவ்வளவு நுட்பமாக யோசித்தோம் என்பதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

"அப்ப எனக்குன்னே யோசிச்சு வெச்சே" என்றாள் நடீன்.

"உனக்குன்னேதான்" என்றான் அவன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். கூடவே வந்த பொட்டலத்தைப் பிரித்து உப்பு பிஸ்கட்டை சூப்பில் நொறுக்கிப் போட்டாள். போட்டுக் கலக்கினாள். சாப்பிடவில்லை.

திரும்பி நடக்கும்போது தரை வழுக்கியதால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் முன்னால் ஏதோ ஏழெழுத்துச் சொல்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

"அந்த அட்டைய எத்தன வருஷமா வாசிக்கிறேன் லோயிஸ். அவன் சொல்றது சரியான்னு பின்னாடி திருப்பிப் பார்ப்பேன், மொதல்ல எல்லாம். அதையும் எப்பவோ விட்டாச்சு. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கோபமா என்று கேட்டேன்.

"தெரியல. கோபப்படணும்னா ஒக்காந்து யோசிக்கணும். எனக்குத் தூக்கம் வருது."

மறுநாள் காலை அவள் கீழே வந்து, இன்று தன்னால் முடியாது என்று என்னிடம் சொன்னாள். தட்டில் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றுக்கு ஒருவராகச் சும்மா உட்கார்ந்தார்கள், முனகினார்கள். நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் டுவேன் முதலாவதாக வந்தான், வெர்ன் இரண்டாவது. இருவருக்கும் பலகை வடிவில் ஒரு சின்னப் பரிசு கொடுத்தோம்.

மேசைகளை மடித்துவிட்டு நான் வெளியே வந்தபோது, முன்கூடத்துச் சோபாவில் வெர்ன் அந்தப் பரிசை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். பெட்டி, மேலங்கி, வண்டிச் சாவி எல்லாம் அறைக்குள். அறைக்குள் நடீன்.

"தட்டித் தட்டிப் பார்த்தேன். உள்பக்கம் சங்கிலி போட்டிருக்கா. 'தூங்கிட்டிருக்கேன்'னு ஒரே ஒரு தடவ சொன்னா. அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

அறையைக் காலி செய்யும் நேரம் தாண்டியிருந்தது. வரவேற்பு மேசையில் பேசி இன்னும் கொஞ்ச நேரம் வாங்கினேன். பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எனக்கும் கால் வலித்தது.

"அந்த டெனரல் விஷயமாத்தான் இருக்கும். நீதானே போட்டி நடத்துறே, நீயே சொல்லு. பொய்ச் சொல்லு வெக்கலாம்தானே? ரூல்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அவ ஆட வரல வெர்ன். எனக்கு ஆள் கொறைஞ்சுதேன்னு வந்து ஒக்காந்தா."

அவன் பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருட்டுவதற்கு முன்பே ஒரு சாம்பல் நிறம் இறங்கிக்கொண்டிருந்தது; லேசாகப் பனியும் விழத் தொடங்கியது. "அவ அவ்வளவு அசந்துபோயிருந்தாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நடீன் ஒரு வழியாக இறங்கி வந்தாள். இரண்டு பெட்டிகளையும் அவளே இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு அச்சு இருந்தது. வெர்ன் எழுந்து நின்றான். அவள் சாவியை நீட்டினாள்.

"நீ ஓட்டு."

"நானா? அடுத்த மாசம் சௌத் பெண்ட்ல ஆட்டம் இருக்கே, வழியில படிக்கலாம்னு..."

"ஓட்டு வெர்ன்."

அவன் வாங்கிக்கொண்டான். நான் வாசல் வரை போனேன். நடீன் பின்னிருக்கையில் ஏறி, கால்களை மடக்கிப் படுத்து, மேலங்கியைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெர்ன் இருக்கையைப் பின்னால் தள்ளினான், முன்னால் இழுத்தான், கண்ணாடிகளைத் திருகினான். நான் கையசைத்ததை அவன் பார்க்கவில்லை. வண்டி நெடுஞ்சாலைக்குத் திரும்பி வெகுதூரம் போகும் வரை அவன் அணைக்க மறந்த இடப்பக்கத் திருப்ப விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வழியில் நடந்ததை நடீன் பிறகு போனில் சொன்னாள். எல்லை தாண்டி மிச்சிகனுக்குள் வந்தது அவளுக்குத் தெரியாது, அப்படித் தூங்கியிருக்கிறாள். விழித்தபோது ஜன்னலில் லான்சிங் என்று பலகை தெரிந்தது. மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேற்கே திரும்பியிருக்க வேண்டும். அவன் திரும்பாமல் நேராக வந்துவிட்டான். முன்னிருக்கையில் அவன் ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, பனிக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடீன், வழி மாறிட்டேன்னு நெனக்கிறேன்" என்றானாம் மெதுவாக.

அந்த வழியாகவும் வீட்டுக்குப் போகலாம், கொஞ்சம் சுற்று. அவளுக்கு அது தெரியும். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, உள்ளே போய் யாரிடமோ வழி கேட்டான், இரண்டு காபியோடு வந்தான். அவளுடையதை அவளுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, எழுப்பாமல் மறுபடி ஓட்டினான். வீடு போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை அவனே தூக்கினான். அவள் நேராகப் படுக்கப் போனாள். காலையில் கஞ்சி கிண்ட வேண்டுமே.

அவன் மன்னிப்புக் கேட்டானா என்று நான் விசாரித்தேன். அந்த வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "உனக்கு எதிரா இனிமே அப்படி வெக்க மாட்டேன்" என்றானாம்.

"நீ என்ன சொன்னே?"

"உனக்கு எதிரா நான் இனிமே ஒக்காரவே போறதில்லன்னு சொன்னேன். அட்டையும் வாசிக்க மாட்டேன்னு சொன்னேன். சரின்னான். கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணு போட்டுக்கிட்டான், அதுவே கலைச்சுக் காட்டுதாம்."

சௌத் பெண்ட் போட்டிக்கு வெர்ன் டுவேனின் வண்டியில் வந்தான். மடியில் ஷூ டப்பா இல்லை. டுவேனுக்கு வழியெல்லாம் பேச்சு வேண்டும், படிக்க விட மாட்டான். அந்த முறை வெர்ன் ஏழாவதாகத்தான் வந்தான். நடீனை என் மனசு உள்ளூரத் தேடியது. அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு, வெர்ன் இல்லாத சனிக்கிழமையில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"தூங்குறேன்."

"அவ்வளவுதானா?"

"மத்தியானம் எந்திரிச்சு ரெண்டு முட்டை பொரிச்சுச் சாப்பிடுறேன். ரேடியோ போடுறேன்." கொட்டாவி விட்டாள். "அப்புறம் மறுபடியும் போய்ப் படுத்துக்கறேன்."